நாடா யார் கையில்?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல்; காஞ்சி மாவட்டத்துச் சிற்றூர். அவ்வூர்ப் பெருமாள் கோயிலிலே, 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் ஆட்சியிலே பொறித்த கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைப் பற்றிக் கூறும் அக்கல், அங்கு நடந்த பள்ளியைப் பற்றியும் கூறுகிறது. மாணவர்க்கு உணவு, படுக்கப் பாய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் என அனைத்துக்கும் கணக்கு எழுதி வைத்தனர்.

பெருமைக்குரியதே, மறுப்பார் யார்? ஆனால், அப்பள்ளி யாருக்கு? வேதமும் வடமொழி இலக்கணமும் ஓதிய சிலருக்கு! ஏர் பிடித்தவன் மகனுக்கும் தறி மிதித்தவன் மகளுக்கும் அக்கணக்கிலே இடமில்லை.

இன்றோ பள்ளிக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் மழலையரை நாடி வந்தது. 2024இல் 79,723 தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குக் கையடக்கக் கணினி என்றும், 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்றும் திட்டம் வகுக்கப்பட்டது. கருவி வந்தது, மகிழ்ச்சி! கல்வி வந்ததா? அதுவன்றோ கேள்வி!

காஞ்சியின் கோர்வைச் சேலையை அறிவீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குரிய நாடாவை வீச, நெசவாளிக்குத் துணையாள் வேண்டும். ஒரு காலத்திலே அத்துணையாளாக எத்தனையோ சிறுவர் தறியடியில் அமர்ந்தனர். வீசு என்றால் வீசினர்; நிறுத்து என்றால் நிறுத்தினர். சேலையின் வனப்பிலே அவர்தம் உழைப்பு இருந்தது, எண்ணம் இல்லை.

வகுப்பறைத் திரையின் முன்னும் அதே காட்சி நடக்கலாகாது! ஒரு பிள்ளை எழுந்து சென்று தொடுகிறது. முப்பது பிள்ளைகள் வாய் பார்க்கின்றன. திரை ‘சரி’ என்கிறது. எல்லோரும் கை தட்டுகின்றனர். இது கல்வியா? துணையாள் வேலை அன்றோ!

இணையத்திலே நல்ல கருவிகள் உள்ளன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய ‘ஃபெட்’ பக்கங்கள் விலையில்லாமல் கிடைக்கின்றன. தமிழிலும் பல உண்டு. ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் எட்டாத ஊரிலும் இயங்கும். பின்னத்தைக் கற்பிக்கும் பக்கத்தில் வட்டத்தைத் துண்டாக்கலாம், சேர்க்கலாம், தவறினால் மீண்டும் முயலலாம்.

அதனை எவ்வாறு பயன்படுத்துவது? முதலில் ஒவ்வொரு பிள்ளையும் தாளை நான்காக மடிக்கட்டும். மூன்று பங்கு எவ்வளவு என்று பக்கத்துப் பிள்ளையோடு பேசித் தன் விடையை எழுதட்டும். பிறகு திரையைத் தொடட்டும். அப்போது தொடுவது ஒரு கை. சிந்திப்பது முப்பது தலை! தவறிய பிள்ளையிடம், ‘ஏன் அப்படி நினைத்தாய்?’ என்று கேட்பது திரையால் ஆகாது, ஆசிரியரால்தான் ஆகும். அவருக்கு அதற்கு நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும்.

நமக்கென்ன வேலை என்று கேட்கிறீர்களா? உண்டு, தோழர்களே! 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைத் தந்தது. அதிலே நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். உங்கள் ஊர்க் குழுவுக்குச் செல்லுங்கள். திரை எரிகிறதா, உறையிட்டு உறங்குகிறதா? மின்சாரம் உண்டா? பழுதானால் பார்ப்பவர் யார்? பாடம் தமிழில் உள்ளதா? கடைசி வரிசைப் பிள்ளையின் முறை என்று வந்தது? கேளுங்கள், கனிவோடு கேளுங்கள். குறை இருந்தால் ஆசிரியரைச் சாடாதீர். அவர் பக்கம் நின்று அதிகாரியிடம் கேளுங்கள்.

சிலர் படித்த பள்ளிக்கே தலைமுழுக்கு எண்ணெய் வரை கணக்கு எழுதிய மண் இது. எல்லோரும் படிக்கும் பள்ளிக்கு நாம் எழுதும் கணக்கு அதனினும் குறைந்ததாக இருக்கலாமா? நெசவாளி வீட்டுப் பிள்ளை இனித் துணையாள் அல்ல. நாடா அப்பிள்ளையின் கையில்! கோலமும் அப்பிள்ளையின் எண்ணத்தில்!