எடை 18 கிலோ, எலும்புக்கு வயது மூன்று

மூன்று வயதுப் பையன். எடை 18 கிலோ, உயரம் ஒரு மீட்டரைத் தாண்டிவிட்டது. பார்ப்பவர்கள் எல்லாம் ஐந்து வயது இருக்கும் என்கிறார்கள். பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால், கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய கார் சீட்டில் இப்போது அவனைத் திணித்துத்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. "இவ்வளவு வளர்ந்துட்டான், இனிமே எதுக்கு இது? பெல்ட் போட்டு உட்கார வெச்சா போதாதா?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. சீட் பரணுக்குப் போகிறது. பெரிய தவறு நடப்பது இந்தக் கட்டத்தில்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, மூன்று வயது ஆண் குழந்தையின் சராசரி எடை 14 கிலோவை ஒட்டியிருக்கும். 18 கிலோ என்பது அந்த அட்டவணையின் மேல் விளிம்பு. இப்படி வாட்டசாட்டமாக வளரும் பிள்ளைகளை இன்று நம் ஊர்களில் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் எடையும் உயரமும் முந்திக்கொண்டு ஓடினாலும் எலும்பு அதன் கணக்கில்தான் வளரும். சிறு குழந்தையின் கழுத்து முள்ளெலும்புகள் குருத்தெலும்பால் இணைந்த துண்டுகளாகவே இருக்கின்றன. அவை ஒன்றுகூடி இறுக மூன்று முதல் ஆறு வயது வரை ஆகும். பெரியவர்களுக்கு மடி பெல்ட் இடுப்பெலும்பில் பிடித்து நிற்கிறது. குழந்தைக்கு அந்த எலும்பின் முன்பகுதி இன்னும் சரியாகத் துருத்தி வளரவில்லை. அதனால் மோதலின்போது பெல்ட் மேலே நழுவி வயிற்றை அழுத்தும், தோள் பட்டை கழுத்தை அறுக்கும். மூன்று வயதில் 18 கிலோ இருக்கும் குழந்தை, பெரிய உடம்பு கொண்ட மூன்று வயதுக் குழந்தை. அவ்வளவுதான்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நகரச் சாலையில் யாரும் வேகம் என்றே நினைக்காத வேகம். அந்த வேகத்தில் மோதி நிற்பது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி மேலிருந்து விழுவதற்குச் சமம். கண நேரத்தில் குழந்தையின் எடை இருபது மடங்காக முன்னே இழுக்கும். 18 கிலோ குழந்தை 360 கிலோவாகக் கனக்கும்போது எந்தத் தாயின் கையும் தாங்காது. "மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்" என்பது பாசத்தில் வரும் சொல். ஆனால் அந்தப் பிடி அங்கே நிற்காது.

முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது இன்னும் மோசம். 2024-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் முன் சீட்டில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை, விபத்தில் ஏர்பேக் விரிந்ததில் உயிரிழந்தது. அடுத்த ஆண்டு சென்னையை அடுத்த திருப்போரூர் அருகே, முன் சீட்டில் தந்தையின் மடியில் அமர்ந்து வந்த ஏழு வயதுச் சிறுவனும் அப்படித்தான் போனான். பெரியவர்களின் உயிரைக் காக்க அத்தனை விசையோடு வெடித்து விரியும் பை அது. எதிரே நெருக்கமாக இருப்பது குழந்தையின் முகம் என்று அதற்குத் தெரியாது. குழந்தையின் இடம் பின் சீட். இதில் பேரம் பேச எதுவும் இல்லை.

இனி, வளர்ந்த குழந்தைக்கு எந்த சீட்? கடையிலும் இணையத்திலும் "0 முதல் 4 வயது", "0 முதல் 7 வயது" என்று வயதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அந்த எழுத்தை விட்டுவிட வேண்டும். சீட்டின் முதுகிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் அங்கீகார லேபிளைத் தேடிப் படிக்க வேண்டும். ஐரோப்பாவின் பழைய ஆர்44 விதிமுறையும், அதை ஒட்டி அமைந்த நம் நாட்டின் ஏஐஎஸ் 072 தரமும் சீட்டுகளை எடையை வைத்துப் பிரிக்கின்றன: 13 கிலோ வரை ஒரு வகை, 9 முதல் 18 வரை இன்னொன்று, 15 முதல் 25, 22 முதல் 36 என்று. ஐரோப்பாவின் புதிய ஆர்129 விதிமுறை உயரத்தை வைத்துப் பிரிக்கிறது.

பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இங்கே இருக்கிறது. "9 முதல் 36 கிலோ" என்று போட்ட சீட்டைப் பார்த்ததும், கனமான பிள்ளைக்கு இதுதான் சரி, பள்ளிக்கூடம் போகும்வரை கவலையில்லை என்று வாங்கிவிடுகிறார்கள். கையேட்டைப் புரட்டினால், தோள், இடுப்பு, கால் இடுக்கு என்று ஐந்து புள்ளிகளில் பிடிக்கும் உள் வார் பெரும்பாலும் 18 கிலோ வரைதான் என்று இருக்கும். அதற்கு மேல் அந்த வாரைக் கழற்றிவிட்டு, கார் பெல்ட்டாலேயே குழந்தையைக் கட்ட வேண்டும். அதாவது 36 கிலோ வரை என்று வாங்கிய சீட், நம் பையனுக்கு மூன்று வயதிலேயே வெறும் பூஸ்டர், அதாவது கார் பெல்ட் பொருந்துவதற்காகக் குழந்தையை உயர்த்தி வைக்கும் இருக்கை ஆகிவிடுகிறது. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உள் வார் எத்தனை கிலோ வரை, எவ்வளவு உயரம் வரை?"

காரிலேயே பொருத்தி வரும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டும் சீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆர்129 விதிப்படி சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோவைத் தாண்டக்கூடாது. சீட்டே 14 கிலோ என்றால் குழந்தைக்கு மிஞ்சுவது 19 கிலோ. கனமான, பார்க்க உறுதியான சீட்டைத் தூக்கிப் பார்த்து மகிழ்பவர்கள் இந்தக் கழித்தலையும் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய குழந்தைக்கு, கார் பெல்ட்டால் இறுக்கிக் கட்டும் சீட் சில நேரம் கூடுதல் காலத்துக்கு வரும். ஐசோஃபிக்ஸ் இல்லாத பழைய காருக்கும் அது பொருந்தும்.

எந்தப் பக்கம் பார்த்து உட்கார வைப்பது? சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், 1960-களில் ஜெமினி விண்வெளி வீரர்கள் விசையை முதுகில் தாங்கியபடி படுத்திருப்பதைக் கவனித்து, குழந்தைக்கும் அதே முறையை யோசித்தார். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால், நேர் மோதலின் விசை தலை, கழுத்து, முதுகு முழுவதிலும் பரவிவிடும். சுவீடனில் நான்கு வயது வரை பின்பக்கம் பார்த்தே உட்கார வைப்பது வழக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் 2018-இல் இரண்டு வயது என்ற பழைய எல்லையை எடுத்துவிட்டு, சீட்டின் எடை, உயர வரம்பு இடம் கொடுக்கும் வரை அப்படியே வைத்திருங்கள் என்றது. நம் வீடுகளிலோ ஒரு வயது முடிந்ததும் திருப்பிவிடுகிறோம். சொல்லும் காரணம்: கால் மடங்குகிறது, பாவம். குழந்தைக்குச் சம்மணம் போடத் தெரியும். கால் மடங்குவது சீட் சிறியதாகிவிட்டதற்கு அடையாளம் அல்ல. தலை உச்சி சீட்டின் மேல் விளிம்பை நெருங்குவதும், எடை வரம்பைத் தாண்டுவதும்தான் அடையாளம். 25 கிலோ வரை பின்பக்கம் பார்க்கும் சீட்டுகளும் உலகச் சந்தையில் உண்டு. கனமான பிள்ளையைப் பெற்றவர்கள் தேட வேண்டியது அதைத்தான்.

பூஸ்டருக்கு எடை மட்டும் தகுதி ஆகாது. பயணம் முழுக்க, தூக்கம் வந்தாலும், நிமிர்ந்து உட்காரும் பக்குவம் வேண்டும். சென்னையிலிருந்து கிளம்பி செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிச் சாய்ந்துவிடும் மூன்று வயதுக் குழந்தைக்குத் தோள் பட்டை கைக்கு இறங்கிவிடும். நான்கு வயதுக்கு முன் பூஸ்டர் வேண்டாம். ஐந்து வரை தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது. முதுகில்லாத வெறும் மெத்தைப் பூஸ்டருக்கு ஐரோப்பாவில் இப்போது 125 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறார்கள்.

நல்ல சீட்டையும் தளர்வாக மாட்டினால் பயனில்லை. வாரை இறுக்கியபின் தோளருகே இரு விரலால் கிள்ளிப் பார்த்தால் பட்டை மடிந்து கையில் வரக்கூடாது. பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. விபத்தில் சிக்கிய சீட்டை, யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. நம் ஊர் வெயிலுக்கு ஒன்று: நிறுத்திவைத்த காரில் பக்கிள் சுட்டுவிடும், மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு வைக்கலாம்.

பெற்றோரை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தை சீட் பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. "அல்லது" என்ற வழி திறந்திருப்பதால், மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர் பெல்ட்டை மாட்டினாலே சட்டம் திருப்தி அடைந்துவிடும். மலப்புறம் சம்பவத்துக்குப் பின் கேரளப் போக்குவரத்து ஆணையர், நான்கு வயது வரை குழந்தை இருக்கை, அதற்கு மேல் 135 சென்டிமீட்டர் உயரம் வரை பூஸ்டர் என்று தெளிவாக அறிவித்தார். எதிர்ப்பு வந்ததும், கட்டாயம் இல்லை, விழிப்புணர்வுதான் என்று அமைச்சர் பின்வாங்கினார். உயரத்தை அளவாக வைத்த அந்த அறிவிப்பு சரியான அறிவிப்பு. அதைத் தமிழ்நாடு எடுத்துச் செய்யலாம்.

கார் விற்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் கார் மோதல் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கு 49 புள்ளிகள். அதில் 12 புள்ளிகள், அந்தக் காரில் குழந்தை இருக்கை எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்பதற்கே. அந்தச் சோதனையில் கிடைத்த நட்சத்திரங்களை விளம்பரத்தில் போடும் ஒவ்வொரு ஷோரூமும் இரண்டு மாதிரி சீட்டுகளை வைத்திருந்து, கார் வாங்க வருபவரின் பிள்ளையை அதில் உட்கார வைத்து மாட்டிக் காட்டலாம். வாங்குபவரும், குழந்தையை உட்கார வைத்துப் பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டியதில்லை.