வெங்காயத்தின் மேல் ஏன் பழி?

2021-ம் வருஷம் கருப்புப் பூஞ்சை பயம் வந்தபோது முதலில் மாட்டிக்கொண்டது வெங்காயம்தான். வெங்காயத் தோலிலும் பிரிட்ஜ் கதவு ரப்பரிலும் இருக்கிற கருப்புதான் அந்த நோய் என்று செல்போனில் ஒரு சேதி சுற்றியது. எங்கள் திருநகரில் வெங்காயத்தைக் குப்பையில் கொட்டினவர்களும் உண்டு. வெங்காயத்தில் வருவது வேறு பூஞ்சை. உரித்துக் கழுவினால் தீர்ந்தது. நோய் தந்த பூஞ்சையோ மண்ணிலும் மக்கின குப்பையிலும் காற்றிலும் எப்போதும் இருப்பது. தெம்பான உடம்பை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத்தான் பிடித்தது. முக்கியமாக, கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களையும், ஸ்டீராய்டு மாத்திரையை அளவு மீறிச் சாப்பிட்டவர்களையும். மூச்சுத் திணறினவர்களுக்கு ஸ்டீராய்டு உயிர் காத்தது வாஸ்தவம். ஆனால் அது சர்க்கரையையும் ஏற்றிவிடும். என் ஒன்றுவிட்ட அக்கா லேசான காய்ச்சலுக்கே சீட்டு இல்லாமல் அதை வாங்கிப் பத்து நாள் போட்டார். கன்னம் வீங்கி, மேல் பல் ஆடியது. பல்வலிதானே என்று கிராம்பு வைத்தே ஒரு வாரம் ஓட்டினார். கடைசியில் ஒரு கண்ணை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

"மருந்து இல்லையா, கண்ணை ஏன் எடுக்கணும்?" என்று பலர் கேட்டார்கள். மருந்து இருக்கிறது. ஆம்போடெரிசின் பி என்று பெயர். வாரக்கணக்கில் டிரிப்ஸில் ஏற்ற வேண்டும். அந்த வருஷம் நாடு முழுக்க அதற்குத் தட்டுப்பாடு வேறு. ஆனால் இந்தப் பூஞ்சை ரத்தக் குழாயையே அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை கருகிவிடும். மருந்தும் ரத்தத்தோடுதானே போகணும்? அதனால்தான் கருகினதை வெட்டி எடுக்கிறார்கள்.

அக்கா வீடு திரும்பியதும் அவருக்கு டம்ளரைத் தனியாக வைத்தார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாத நோய், சகோதரிகளே!

கொரோனா அலையோடு இதுவும் போய்விட்டது என்று நினைக்கிறோம். சர்க்கரை போகவில்லையே! சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது; அதிகாரிகள் கடைகளில் கண்டிப்பாகச் சோதனை போட வேண்டும். நாமும், வீட்டுக்காரருக்குச் சர்க்கரை பார்க்க ஞாபகப்படுத்துவதோடு நிறுத்தாமல் நமக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள், சிறுநீரகம் மாற்றினவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் கவனியுங்கள். ஒரு பக்க முகம் வீங்கினாலோ, மூக்கில் கருப்பாக வடிந்தாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். கிராம்பும் மஞ்சள் பற்றும் இதற்கு உதவாது.

- ஒரு இல்லத்தரசி, திருநகர், மதுரை.