கடலில் விட்ட குஞ்சுகளுக்கு எத்தனை தாய்?

கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் கணக்கு வரும். ஓடிவிடாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

மண்டபம் பக்கம் பச்சை வரி இறால் குஞ்சுகளைக் கடலில் விடும் படங்களை நாலைந்து பேர் எனக்கு அனுப்பி, "சார், நல்ல செய்தி" என்று எழுதியிருந்தீர்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சில ஆண்டுகளாகப் பாக் விரிகுடாவில் லட்சக்கணக்கில் விடுகிறது. நோக்கம் நல்லது. நான் கேட்பது ஒரே கேள்வி. இத்தனை லட்சம் குஞ்சுகளும் எத்தனை தாய் இறாலுக்குப் பிறந்தவை? நான் படித்த எந்தச் செய்தியிலும் அந்த எண் இல்லை. குஞ்சு எண்ணிக்கையும் விருந்தினர் பெயரும் மட்டும் தவறாமல் இருக்கின்றன.

ஒரு தாய் இறால் ஒரு தடவையில் லட்சக்கணக்கில் முட்டையிடும். கடலில் அவற்றில் பெரும்பாலானவை அழிந்துபோகும். பொரிப்பகத்தில் நாம் காப்பாற்றிவிடுகிறோம். அதனால் பத்துத் தாய் இருந்தாலே பத்து லட்சம் குஞ்சு காட்டிவிடலாம். படத்தில் கூட்டமாகத் தெரியும். மரபணுவைப் பார்த்தால் பத்து வீட்டுப் பிள்ளைகள்.

1991-இல் ரைமன், லைக்ரே என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கொரு சூத்திரம் தந்தார்கள். அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு தரப்பின் பங்கையும் வர்க்கப்படுத்தி, அந்தத் தரப்புப் பெற்றோர் எண்ணிக்கையால் வகுத்து, இரண்டையும் கூட்டித் தலைகீழாக்க வேண்டும். கிடைப்பது மரபுவழியில் உண்மையாகச் செல்லுபடியாகும் பெற்றோர் எண்ணிக்கை.

கடலில் 1000 பெற்றோர், பொரிப்பகத்தில் 20 (10 தாய், 10 தகப்பன்), அடுத்த தலைமுறையில் இரு தரப்புக்கும் சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். 0.25-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.00025. 20-ஆல் வகுத்தால் 0.0125. கூட்டினால் 0.01275. தலைகீழாக்கினால் சுமார் 78. ஆயிரமாக இருந்தது எழுபத்தெட்டாகிவிட்டது, கடலில் இறால் கூட்டம் பெருகிய பிறகு!

"கடலில் ஆயிரமா இருக்கும், லட்சக்கணக்கில் இருக்குமே" என்பீர்கள். 1000-க்குப் பதில் 10 லட்சம் போட்டுப் பாருங்கள். விடை 80-ஐத் தாண்டாது. 20 என்பது 20-ஆகவே இருக்கும்வரை கடல் எவ்வளவு பெரிதென்பது உதவாது. அதையே 200 ஆக்குங்கள், மறுபடி 1000 பெற்றோர் கணக்கில் விடை 667. கோளாறு எங்கே, மருந்து எங்கே என்று இப்போது தெரிகிறதல்லவா?

உடனே ஒரு பதில் வரும்: விட்டதில் பிழைப்பது கொஞ்சம்தான், பாதிப் பங்கெல்லாம் வராது. சரி. அப்படியானால் மரபணுவுக்குக் கேடில்லை, மீனவருக்கு லாபமும் இல்லை. பிறகு எதற்குச் செலவு? லாபம் உண்டென்றால் பங்கு பெரிது, பங்கு பெரிதென்றால் என் கேள்விக்குப் பதில் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சொல்ல முடியாது.

இன்னொரு பதில் கொஞ்சம் கனமானது. இயற்கையிலும் சில தாய்களின் குஞ்சுகள்தான் தப்புகின்றன, கிட்டத்தட்ட லாட்டரி மாதிரி. சிப்பிகளைப் பற்றி டென்னிஸ் ஹெட்ஜ்காக் சொன்னதும் இதுதான். ஆனால் கடல் நடத்தும் லாட்டரியில் பருவத்துக்குப் பருவம், இடத்துக்கு இடம் வேறு வேறு ஆள் ஜெயிக்கிறான். தொட்டியில் ஜெயிப்பது தொட்டி வாழ்க்கைக்குப் பொருந்தியது. அங்கே துரத்தும் மீனும் இல்லை, தீவனத்துக்கு அலைச்சலும் இல்லை.

அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவில், நோயைத் தாங்கும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த சிப்பி இனத்தை விட்டுப் பார்த்தார்கள். பிறகு அந்த ஆற்றில் புதிதாக ஒட்டிய குஞ்சுச் சிப்பிகளின் மரபணுவைச் சோதித்தார்கள். விட்டவற்றின் வாரிசுகள் கொஞ்சமே இருந்தன. பலன் குறைவு, சரிதான். ஆனால் விட்டது என்னவாயிற்று என்று போய்த் தேடினார்களே, எனக்கு அதுதான் முக்கியம்.

1990-களின் நடுவில் வெண்புள்ளி நோய் இறால் பண்ணைகளைக் காலி செய்தது நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். பண்ணைக் குளத்தை வற்றவைத்து, காயப்போட்டு, மறுபடி குஞ்சு விடலாம். கடலை அப்படிச் செய்ய முடியாது. அங்கே நோய் வந்தால் தாங்குவதற்கு ஏதாவது சில இறால்களிடம் வேறு மாதிரி மரபணு இருந்தாக வேண்டும். நாம் குறைப்பது அதைத்தான்.

குஞ்சு விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இழுவை மடி கடல்தாழைப் படுகைகளைச் சுரண்டுவதை நிறுத்தினால் பாதி வேலை தானாக நடக்கும், அது தனிச் சண்டை. விடுவதென்றால் தாய்களின் எண்ணிக்கையைச் செய்தியிலேயே போடட்டும். ஒவ்வொரு முறையும் புதுத் தாய்களை அதே கடலில் பிடிக்கட்டும். ஒவ்வொரு தாயின் நீச்சல் காலிலும் ஒரு துண்டு வெட்டி ஆல்கஹாலில் போட்டு வைத்தால், பிறகு வலையில் விழும் இறால் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துவிடலாம்.

மீன்வளத் துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இதைப் படிப்பீர்கள். பெயர் போடவில்லை, பயப்படாதீர்கள். கடைசியாக விட்ட தொகுதிக்கு எத்தனை தாய் இறால் என்ற எண்ணை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். கீழே கமெண்டில் போட்டால் நானே கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.