பேர் கூப்பிட மறந்தோம்

1881 பிப்ரவரி 2. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரம். வில்லிஸ்டன் சபைப் போதகர் பிரான்சிஸ் கிளார்க் வாலிபர்களைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். ஜனவரியில் நடந்த ஜெப வாரத்தையொட்டி அவர்களில் பலர் மனந்திரும்பியிருந்தார்கள். அவருக்குச் சந்தோஷம்தான், கூடவே கவலையும் பிடித்துக்கொண்டது. கூட்டங்கள் முடிந்துவிட்டன, இனி இந்தப் பிள்ளைகளை யார் தாங்குவது?

எங்களுக்கு அந்தக் கவலை வந்ததே இல்லை. இதை எழுதுகிற நாங்கள் மதுரைப் பக்கத்துச் சபை ஒன்றின் மூப்பர்கள், வாலிபர் சங்கத்தை முன்பு நடத்தியவர்கள். 1834 முதல் மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனும் கிளார்க்கும் ஒரே கொங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தவர்கள். ஆகவே இது யாரோ தூரத்து மனிதரின் கதை என்று நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. நற்செய்திக் கூட்டங்களில் கை உயர்த்திய பிள்ளைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி வாங்கினோம். எத்தனை பேர் என்று ஞாயிறு ஆராதனையில் வாசித்தோம், ஸ்தோத்திரம் சொன்னோம். சீட்டுகள் அலமாரிக்குப் போயின. ஒரு வீட்டுக்கும் நாங்கள் போகவில்லை.

போர்ட்லண்டில் அன்று மாலை கிளார்க் அந்த வாலிபர்களுக்கு வாசித்துக் காட்டிய பிரதிக்கினை லேசானதல்ல. வாராந்தர ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் வரவேண்டும். வந்து சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, ஜெபமோ சாட்சியோ வசனமோ ஏதாவது ஒன்றில் பங்கெடுக்க வேண்டும். தவிர்க்கவே முடியாத காரணம் இருந்தால் மட்டும் வராமலிருக்கலாம். கேட்ட பிள்ளைகள் திகைத்து மௌனமானார்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் பென்னல்தான் முதலில் கையெழுத்துப் போட்டு, தம் வகுப்பு வாலிபர்களையும் போடச் சொன்னார். பெரியவர் ஒருவர் முதலில் தம்மை ஒப்புக்கொடுத்த பிறகுதான் பிள்ளைகளிடம் கேட்டார். நாங்களோ பிள்ளைகளிடம் ஒப்புக்கொடுத்தலைக் கேட்டுவிட்டு, அவர்களுடைய சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வராமலே இருந்தோம்.

அன்று அந்த வீட்டில் தொடங்கிய சங்கம்தான் பின்னால் கிறிஸ்தவ முயற்சிச் சங்கம் என்று உலகமெங்கும் பரவியது. பரவிய வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1895-இல் பாஸ்டனில் கூடிய மாநாட்டுக்கு 50,000 பேருக்கு மேல் வந்தார்கள், 1909-இல் உலக மாநாடு நம் ஆக்ராவிலேயே நடந்தது. நாங்கள் சங்க ஆண்டு விழாக்களில் பெருமையாகச் சொன்னதெல்லாம் இப்படிப்பட்ட எண்ணிக்கைகளைத்தான். அந்தச் சங்கம் உள்ளே எப்படி நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதன் விதிகளின்படி ஒரு குழு இருந்தது. புதியவர்களைச் சேர்த்து மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவது அதன் வேலை. அத்தோடு, கடமையில் தளர்ந்துபோனதாகத் தெரிகிறவர்களை அன்போடு கவனித்து மறுபடியும் சேர்த்துக்கொள்வதும் அதன் பொறுப்புதான். மாதம் ஒருமுறை ஒப்புக்கொடுத்தல் கூட்டம். பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் வெறுமனே "இருக்கிறேன்" என்று சொல்லமாட்டார், தம் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையோ ஒரு வசனமோ சொல்வார். வரமுடியாதவர் எழுதி அனுப்புவார், அவர் பேர் வரும்போது அதை வாசிப்பார்கள். இந்த மாதக் கூட்டங்களில் தொடர்ந்து மூன்றுக்குக் காரணமில்லாமல் வராதவர் அங்கத்தினராக நீடிக்க முடியாது. இந்தப் பிரதிக்கினை நுகத்தடி என்று அந்தக் காலத்திலேயே எதிர்த்தவர்கள் உண்டு. எங்களிலும் சிலருக்கு அது கடினமாகவே படுகிறது. ஆனால் ஒரு பிள்ளை மூன்று மாதம் வராததை யாரோ கவனித்திருந்தால்தானே அந்த விதியே செல்லும்.

எங்களிடமும் வருகைப் பதிவேடு இருக்கிறது. பேர், வீட்டு எண், மாதவாரியாகக் கட்டங்கள். வந்தவருக்கு ஒரு கோடு போட்டோம், வராதவருக்கு வெற்றிடம் விட்டோம். தொடர்ந்து வெற்றிடமாகவே போன பேர்களை அடுத்த ஆண்டுப் பதிவேட்டில் எழுதாமல் விட்டோம். அவர்களில் ஒரு பையன் அப்பா இறந்தபின் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். ஒரு தங்கை வேறு சபைக்குப் போய்விட்டாள். அங்கே அவளைப் பேச விட்டார்களாம். இரண்டும் எங்களுக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தத் தங்கை விஷயத்தில் எங்கள் குற்றம் இன்னும் பெரிது. போர்ட்லண்டில் உருவான பிரதிக்கினை ஆண், பெண் என்று பார்க்கவில்லை. ஆணும் பெண்ணும் கூடிய சபையில் பெண் எழுந்து பேசுவதைப் பலர் ஏற்காத காலத்தில், வாரந்தோறும் பேசவேண்டும் என்ற கடமை அந்தப் பெண்பிள்ளைகளுக்கும் இருந்தது. எங்கள் சங்கத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்தது பாடகர் குழுவும் பூ அலங்காரமும். செய்தி கொடுக்க, ஜெபத்தை நடத்த, செயலாளராக இருக்க எப்போதும் அண்ணன்மார். பையன்களுக்கும் நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நாற்காலி போட, மைக் கட்ட, கேரல் ரவுண்ட்ஸுக்கு வண்டி பிடிக்க அவர்களைத் தேடினோம். அவர்கள் விசுவாசத்தில் தடுமாறியபோது தேடவில்லை. இன்னும் விசுவாசத்துக்கு வராத பிள்ளைகளையும் துணை அங்கத்தினராக உள்ளே வைத்துக் காத்திருந்தது அந்தச் சங்கம். எங்களிடம் சந்தேகம் கேட்ட பையனுக்கு, பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறான் என்ற பெயர்தான் மிஞ்சியது.

பழைய பதிவேடுகளிலிருந்து விட்டுப்போன பேர்களை இப்போது எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறோம். வாலிபர்களிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து அனுப்பப்போவதில்லை. மூப்பர்களான நாங்களே வீடு வீடாகப் போகிறோம். அவர்கள் திரும்பி வருவார்களா என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இப்போது இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்காமலே இருந்துவிட்டோம், மன்னியுங்கள் என்று சொல்லத்தான் போகிறோம்.