குடித்தவன் சாதி தெரியும், விற்றவன் சாதி தெரியாதா?

"சேரிக்காரன் சம்பாதிப்பதெல்லாம் சாராயத்துக்கே போகிறது. இவனுக்கு எதற்கு இடஒதுக்கீடு?" வையம்பட்டி வட்டாரத்தில் வளர்ந்த நான் காது புளிக்கக் கேட்ட வசனம் இது. சொல்கிறவர் வாயிலும் அதே வாடைதான் வீசும். குடித்தவனின் சாதியை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறவர்கள், கடை வைத்தவனின் சாதியைப் பற்றி ஏன் மூச்சு விடுவதில்லை?

கிராமத்துச் சாராயக்கடைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1886-இல் சென்னை மாகாண அப்காரிச் சட்டம் வந்தது. கள்ளும் சாராயமும் அரசின் வருமானமாயின. கடைகள் ஏலத்துக்குப் போயின. ஏலம் எடுக்கக் கையில் பணம் வேண்டும். அது பண்ணையாளிடமா இருந்தது? மரம் ஏறியவனிடமா இருந்தது? ஏலதாரர் ஊர்ப் பெரிய மனிதர் ஆனார். கள் இறக்கியவன் தீட்டானவன் ஆனான். கமுதிக் கோயிலுக்குள் நுழைய நாடார்களுக்கு உரிமையில்லை என்று 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலே தீர்ப்பளித்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் கள் இறக்கும் தொழிலும் ஒன்று. அந்தக் கள்ளில் வந்த வரிப்பணத்துக்கு மட்டும் தீட்டு ஒட்டவில்லை.

1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் கலைஞர் ஆட்சியில் தளர்ந்தது, மீண்டும் வந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி கடை திறந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது; 2003-இல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரன், ஏலதாரர், அரசு என்று முதலாளி மாறிக்கொண்டே வந்தார். 2023-24-இல் வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. "குடிகாரன்" என்ற பட்டம் மட்டும் சேரியை விட்டு நகரவில்லை.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது. கடைகள் ஊருக்குள் இடம் தேடின. எதிர்த்துச் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணை 2017-இல் போலீஸ் அதிகாரி அறைந்ததை நாடே பார்த்தது. அதற்கு முன், 2015-இல், மூடு டாஸ்மாக்கை என்று பாடிய திருச்சிக் கோவன் மீது தேசத்துரோக வழக்கு. கடையை விமர்சித்தால் தேசத்துக்கே துரோகமாம்!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், கூலித் தொழிலாளர்கள். பிணம் எரிந்து முடிவதற்குள் எழுந்த கேள்வி என்ன? "குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" டாஸ்மாக் விலைக்கு வழியில்லாதவன் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறான் என்பதையும், நாள் முழுக்க மூட்டை தூக்கியவன் உடம்பு வலிக்கு மருந்தாக அதைக் குடிக்கிறான் என்பதையும் இவர்கள் பேச மாட்டார்கள். கிளப்பில் குடித்தால் நாகரிகம், காலனியில் குடித்தால் சாதிப்புத்தி. இதற்குப் பெயர் ஒழுக்கமா? சுத்தமான சாதிவெறி.

இப்போது கள்ளைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: தோப்பு யார் பெயரில் இருக்கிறது? மரம் ஏறப்போவது யார்?

குடி நம் வீடுகளைத் தின்கிறது, மறுக்கவில்லை. அடி வாங்குவதும் தாலி அறுப்பதும் நம் பெண்கள். ஆகவேதான் கடையை மூடச் சொல்கிறோம். ஆனால் சேரிக்கு வந்து ஒழுக்கப் பாடம் நடத்த வேண்டாம். கடை வேண்டாமென்று கிராமசபை தீர்மானம் போட்டால் அது செல்ல வேண்டும். குடிநோய்க்கு ஒன்றிய அளவிலேயே இலவச சிகிச்சை வேண்டும். கடை ஊழியர்களுக்கு மாற்றுப் பணி வேண்டும். நிலமும் நியாயக் கூலியும் வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை யாராவது "அவனுங்க குடிக்காரப் பசங்க" என்றால் சும்மா இருக்காதீர்கள். நூற்று நாற்பது ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் யார் என்று திருப்பிக் கேளுங்கள்.