சிக்கனம் மாணவருக்கு மட்டுந்தானா?

வரவறிந்து செலவு செய்க என்று பல்கலைக்கழக மாணவருக்கு உபதேசிப்போர் பலர். அவர்களை நாம் பரந்தனுக்கு அழைக்கின்றோம். இரணைமடு நீரை நம்பி வாழும் இங்குள்ள கமக்காரர் கையிற் பணம் சேர்வது காலபோகம், சிறுபோகம் என்னும் இரு அறுவடைகளின் பின்னரே. அறிவியல்நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களிற் பயிலும் பிள்ளைக்கோ வாரந்தோறும் செலவுண்டு. இடைவெளியை நிரப்ப வேண்டியது மகாபொல உதவிப்பணம்.

நிரப்பியதா? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அன்றும் மகாபொல மாதம் 5,000 ரூபாதான்! 2025 வரவுசெலவுத் திட்டத்திலேயே அது 7,500 ஆயிற்று. பிந்தி வந்த அவ்வுயர்வையும் பங்கிட்டால் வாரத்துக்கு 1,750 ரூபா, நாளுக்கு 250. மூன்று வேளை உணவும், பஸ் கட்டணமும், போட்டோப் பிரதியும் இதற்குள் அடங்குமா? தவணையும் பிந்தினால் கடனன்றி வேறு வழியேது?

சிக்கனத்தை நாம் இகழவில்லை. கமக்காரன் பிள்ளைக்கு அதை எவரும் கற்பிக்கவும் வேண்டியதில்லை. ஆனால், வரவு வரும் நாளை அறியாதவன் செலவை எங்ஙனம் வகுப்பான்? விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் தொகையை உயர்த்துக. குறித்த திகதியில் தவறாது வழங்குக. 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வி அப்பொழுதே ஏழைக்கும் மெய்யாகும்.