கூரை உண்டு, வீடு இல்லை



அரபு மொழியில் வசிப்பிடத்தை ‘மஸ்கன்’ என்பர். மன அமைதியைக் குறிக்கும் ‘ஸகீனா’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததேயாகும். ஏழையைக் குறிக்க நாம் அன்றாடம் வழங்கும் ‘மிஸ்கீன்’ என்பதனையும் அகராதி ஆசிரியர்கள் அவ்வேரின் கீழேயே வைத்துள்ளனர். இருப்பிடமும் அமைதியும் வறுமையும் ஒரே வேரில் நிற்பதன் பொருத்தத்தை இன்றைய இங்கிலாந்தின் நிலை நமக்கு நன்கு விளக்குகின்றது.

வீடற்றோர் என்றதும் நடைபாதையில் உறங்குவோரே நம் நினைவிற்கு வருவர். 2024 இலையுதிர் காலத்தில் ஓர் இரவு எடுக்கப்பட்ட கணக்கின்படி இங்கிலாந்தில் அத்தகையோர் 4,667 பேர். ஆனால், 2025 மார்ச் இறுதியில் தற்காலிக இருப்பிடங்களில் வாழ்ந்த குடித்தனங்களோ 1,31,000-க்கும் அதிகம். அவற்றிலிருந்த குழந்தைகள் மட்டும் சுமார் 1,69,000 பேர். இவர்களுக்குத் தலைக்கு மேல் கூரை உண்டு. தமதென்று சொல்ல வீடு இல்லை.

1977-இல் இயற்றப்பட்ட சட்டமே, வீடிழந்த குடும்பங்களுக்கு இடமளிக்கும் கடமையை உள்ளாட்சி மன்றங்கள் மீது சுமத்தியது. நிரந்தர வீடு கிடைக்கும் வரை தங்குவதற்கே தற்காலிக இடம். நிரந்தர வீடு கிடைக்காதபோது அந்தத் ‘தற்காலிகம்’ ஆண்டுக்கணக்கில் நீள்கின்றது.

இதற்குக் காரணம் யாது? 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மன்றங்களின் வீடுகள் குடியிருந்தோருக்கே குறைந்த விலையில் விற்கப்பட்டன. விற்ற அளவிற்குப் புதியவை கட்டப்படவில்லை. எனவே ஏழைகள் தனியார் வாடகை வீடுகளை நாடினர். அங்கோ, காரணம் கூறாமலேயே இரண்டு மாத அறிவிப்பில் வெளியேறச் சொல்ல உரிமையாளருக்கு வழியிருந்தது. (2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 மே முதல் இதனை ஒழிக்க வகை செய்தது.) வாடகை ஏறிக்கொண்டிருக்க, அரசின் வாடகை உதவித் தொகையோ 2016 முதல் 2020 வரையிலும், பின்னர் 2024 வரையிலும் உயர்த்தப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது.

விளைவு என்ன? ஒரே அறையில் பெற்றோரும் பிள்ளைகளும் உண்டு, உறங்கி, பாடமும் படிக்கின்றனர். சமையலறையை அந்நியரோடு பகிர்கின்றனர். சமையலறையும் குளியலறையும் பொதுவாயுள்ள விடுதிகளில் குழந்தைகளுள்ள குடும்பங்களை 6 வாரங்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பது விதி; அவ்விதியும் பல இடங்களில் மீறப்படுகின்றது. வேற்றூருக்கு அனுப்பப்படும் குழந்தை பள்ளியையும் தோழரையும் ஒருங்கே இழக்கின்றது.

செலவும் சிறிதன்று. 2023-24-இல் மன்றங்கள் இதற்கெனச் செலவிட்டது சுமார் 228 கோடி பவுண்டு. அறைகளுக்கு வாடகையாய்க் கொட்டிய இப்பணத்தால் ஆண்டு முடிவில் ஒரு செங்கல்லும் மிஞ்சுவதில்லை.

இது விதியின் செயல் என்று எவரேனும் கூறுவாராயின், அந்நாட்டின் கணக்கே அதனை மறுக்கின்றது. 2004-இல் 1,01,000-ஐ எட்டிய குடித்தனங்களின் தொகையை 2010-க்குள் பாதியாக்குவதென 2005-இல் அரசு இலக்கு வகுத்தது. வீடு பறிபோகும் முன்னரே தலையிட்டுத் தடுக்கும் பணிகள் நடைபெற்றன. 2010 இறுதியில் அத்தொகை 48,000 அளவிற்குக் குறைந்தது. கவனம் தளர்ந்த பின்னரே மீண்டும் ஏறியது.

சிந்தித்துப் பாருங்கள்! குறைக்க முடிந்த துன்பத்தைக் குறைக்காமல் விடுவது இயலாமையன்று, அலட்சியமே. வீடிழந்த பின் விடுதி தேடுவதைவிட, வீடு இழக்காமல் காப்பது எளிது, செலவும் குறைவு. எண்ணிக்கைக்குள் மறைந்திருக்கும் அக்குழந்தை கேட்பது மாளிகையன்று. நாளையும் இதே கதவைத் திறந்து உள்ளே செல்லலாம் என்னும் உறுதியையே.